சனிக்கிழமைத் துவக்கு

வீடு கூட்டுகிற தும்புத்தடியிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் புனிதவதி கதிரையில் இருந்தாள்.

ஜூலியஸ் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடிய நீளம். ஒரு முனை உரஞ்சப்பட்டு மழமழவென்று இருந்தது. மறு முனையில் கறுப்பு ரேப் சுற்றியிருந்தது.

“எங்கடை மனுசன் துவக்கு வாங்கப்போறார்,” என்றாள் புனிதவதி. பால் வாங்கப்போகிறார் என்பதுபோலத்தான் அதைச் சொன்னாள்.

மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், உடுப்புத் தோய்க்கிற கடைக்கு மேலே இருந்தது ஜூலியஸின் அலுவலகம். கீழே மெஷின்கள் வேகமெடுத்தால் மேலே மேசையில் பேனை நகரும். கழுத்து நோகிறதென்று பட்டி போட்டுக்கொண்டு இன்சூரன்ஸ் கேட்டுவிட்டு, கலியாண வீட்டில் டான்ஸ் ஆடுகிறவர்களைப் படம் பிடித்துக் கொடுப்பதுதான் இந்தத் தனியார் துப்பறிவாளனின் வழக்கமான பிழைப்பு. கார் ஓட்டுவது அன்ரனெற், அவன் மனைவியின் தமக்கை. பல வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். லைசென்ஸ் எடுக்கிற ரோட் ரெஸ்றில் தான் விழுந்த தடவைகளை எண்ணுவதை ஜூலியஸ் நிறுத்திவிட்டான். அன்ரனெற் நிறுத்தவில்லை.

“மான் சுடவோ, மனுசரைச் சுடவோ?” என்று கேட்டாள் அன்ரனெற்.

ஜூலியஸ் அவளை முறைத்தான். புனிதவதி கோபிக்கவில்லை.

“ஒரு மனுசனை எண்டுதான் நினைக்கிறன்,” என்றாள்.

அவள் சொன்னது இதுதான். மில்லிக்கனில் வீடு. கணவர் நவரட்ணம் அச்சுத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள் கௌசி. போன மாரியில், ஸ்டீல்ஸ் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற கௌசியை ஒரு கார் வந்து அடித்தது. இரண்டு ஷிஃப்ட் ஒன்றாகச் செய்துவிட்டு வந்த ஆள், ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்துவிட்டான். கௌசி அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவனுக்குத் தண்டம் போட்டார்கள், லைசென்ஸைப் பறித்தார்கள். வேறொன்றும் இல்லை.

“ஆளும் எங்கடை ஆள்தான். அலெக்ஸாண்டர் எண்டு பேர். நான் கோட்டுக்குப் போகேல்லை. இவர்தான் போனவர்.”

“நவரட்ணம் அண்ணை இப்ப எப்பிடி இருக்கிறார்?” என்று கேட்டான் ஜூலியஸ்.

“இருக்கிறார். சனியும் விடாமல் வேலைக்குப் போவார், வருவார், போட்டதைத் தின்னுவார். செத்தவீட்டிலையும் அழேல்லை, பிறகும் அழேல்லை. நானும் உப்பிடித்தான்.” அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். “சுடுதண்ணி ஊத்துப்பட்டாலும் பிறகுதான் தெரியுது.”

ஒரு கிழமைக்கு முன்னால் அவர் யாருக்கோ போன் எடுத்தார். பேஸ்மன்றில் நின்று மெதுவாகப் பேசினார். செமி ஒட்டோமற்றிக் சொட்கன், நம்பிக்கையானது, ஆனால் கன காசு இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது மேலே கேட்டது. அவர் வேலைக்குப் போனபின் புனிதவதி அந்தப் போனில் றீடயல் பொத்தானை அமத்தினாள். ஒருவன் எடுத்து, ஒரு துவக்குக் கடையின் பெயரைச் சொன்னான். பிறகு பேஸ்மன்றைத் தேடினாள். இந்தத் தடி கிடைத்தது.

“பொலிசுக்குச் சொன்னியளோ?”

“இல்லை.”

“அந்த அலெக்ஸாண்டர் எங்கை இருக்கிறார் எண்டு தெரியுமோ?”

“அஜக்ஸ்.” வீட்டு இலக்கத்தைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள். “மூலை வீடு,” என்றும் சொன்னாள்.

ஜூலியஸ் எழுதிக்கொண்டான். “நாங்கள் என்ன செய்யவேணும் அக்கா?”

“அவர் வாங்கிட்டாரோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ,” என்றாள் புனிதவதி.

*

துவக்குக் கடை பிக்கறிங் தாண்டி, கார்க் கராஜுக்கும் டோனற் கடைக்கும் நடுவில் இருந்தது. டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமைக் காலை. கதவைத் திறந்ததும் எண்ணெய் மணம். சுவர் முழுக்கத் துவக்குகள் வரிசையாக நின்றன.

“எங்கடை சனம் உடுப்புக் கடையிலை சீலை பாக்கிறமாதிரி இஞ்சை பாக்கலாம் போலை கிடக்கு,” என்றாள் அன்ரனெற். “ஆனால் தள்ளுபடி கேட்டால் கவனமாக் கேளும், ஜூலியஸ்.”

கடைக்காரர் தொந்தியும் தோள்பட்டி வைத்த காற்சட்டையுமாக ஒரு பெரிய வெள்ளைக்காரர். ஜூலியஸ் தன் அட்டையைக் காட்டினான். அவர் அசையவில்லை. தும்புத்தடித் துண்டை எடுத்து மேசையில் வைத்ததும் அசைந்தார்.

“ஓ, அந்த உயரமான மனிதர்,” என்றார். “அவருக்கு ஏதாவது பிரச்சினையா?”

“இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறோம். அவர் என்ன கேட்டார்?”

கடைக்காரர் யோசித்தார். பிறகு, துவக்கைப் பற்றிப் பேசக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட அவரால் முடியவில்லை.

“காசு குறைவு என்றார். அப்படியென்றால் பம்ப் வாங்கு என்றேன். முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். பனியோ சேறோ, எதற்கும் நிற்காது, விலையும் மலிவு. அவர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. இழுக்கிற வேலையே இருக்கக்கூடாது என்றார்.”

“ஆகவே செமி ஒட்டோமற்றிக்.”

“ஆமாம். அது தானே வெற்றுத் தோட்டாவை எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். நல்லது புதிதாக வாங்க அவரிடம் காசு இல்லை. மலிவான புதிசு ஒன்று இருந்தது. அதை நானே வேண்டாம் என்றேன். இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஒரு ஸ்பிரிங் உடைந்தால் பாகம் தேடி அலையவேண்டும். அந்தக் காசுக்குப் பழையதில் நல்லதை எடு என்றேன்.”

பின்னால் போய் ஒன்றைக் கொண்டுவந்து பச்சைத் துணிமேல் வைத்தார். கட்டையில் கீறல்கள். இரும்பு மட்டும் பளபளத்தது.

“குழல் இருபது கேஜ், சிறிய அளவு. வெடிக்கிற வாயுவின் விசையிலேயே ஓடுகிற வகை. அதனால் தோளில் இடி குறைவு. துப்புரவாக வைத்திருந்தால் உங்கள் பேரப்பிள்ளையும் சுடலாம். அழுக்காக விட்டால் சிக்கும். இந்த வகை ஏராளமாக விற்றிருக்கிறது, எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும். அவர் அதையெல்லாம் கேட்டார். உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தைப் புதிசாக மாற்றித் தரச்சொன்னார். மிக மெல்லிய, மலிவான தோட்டாவுக்கும் சிக்காமல் ஓடுமா என்று கேட்டார். பழையது வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைக் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய்த்தான் கவலைப்படுவார்கள்.”

“இந்தத் தடி?”

“தோளில் முட்டுக்கொடுக்கிற பின்கட்டையின் நீளத்துக்கு அளவு. அந்த அளவுக்கு அறுத்துத் தரச்சொன்னார்.” கடைக்காரர் தடியை வாங்கி ஜூலியஸின் முழங்கை மடிப்பில் வைத்தார். “இங்கிருந்து சுடுகிற விரல் வரை வரவேண்டும். பாருங்கள், உங்களுக்கே போதாது.”

“அவர் என்னைவிட உயரமா?”

“என்னைவிட உயரம்.”

அன்ரனெற் தன் கையை நீட்டினாள். “எனக்கு வைச்சுப் பார் எண்டு சொல்லும்.” அவளுக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. “கடவுளே. எனக்குத்தான் வாங்கிறாரோ?”

“அவருக்கு விற்றீர்களா?” என்று கேட்டான் ஜூலியஸ்.

“எப்படி விற்பது? துவக்கு வாங்குகிற அனுமதிப் பத்திரம் அவரிடம் இல்லை. பத்திரம் உள்ள ஆளைக் கூட்டிவருகிறேன், அந்த ஆளின் பேரிலேயே எழுதுங்கள் என்றார். இன்றைக்குப் பின்னேரம் வருகிறார்கள்.”

*

அன்ரனெற் 401 நெடுஞ்சாலையில் ஏறிக் கிழக்கே திருப்பினாள். பனி தூவலாக விழத் தொடங்கியிருந்தது.

“கூலிக்கு ஆள் பிடிச்சிட்டார், ஜூலியஸ். ஆள் கட்டை. தோள் நோகும் எண்டு அழுகிற ஆள். மலிவுத் தோட்டா. உப்பிடி ஒரு கொலைகாரன் எங்கடை சனத்துக்கைதான் கிடைப்பான்.”

“கொல்லுறதுக்கு ஒரு வெடியே காணும், மச்சாள். அதுக்கு ஒற்றைக் குழல் துவக்கு உதிலை கால்வாசிக் காசுக்கு வாங்கலாம். ஆரும் ஆளைச் சுட மெல்லிய தோட்டா தேடுவினமோ? இவர் தேடுறது நாள் முழுக்கச் சுட்டாலும் சிக்காத துவக்கு.”

“அப்ப நாள் முழுக்கக் கொல்லப்போறாரோ?”

அவர் பம்பை ஏன் தொடவில்லை என்பதுதான் ஜூலியஸுக்குப் பிடிபடவில்லை. காசில்லாதவன், நம்பிக்கையான துவக்குத் தேடுகிறவன், கடையிலேயே நம்பிக்கையானதும் மலிவானதுமான ஒன்றை வேண்டாம் என்கிறான். காரணம், இழுக்கவேண்டும் என்பது. இழுப்பதில் என்ன கஷ்டம்?

“எங்கை போறம்?” என்று கேட்டாள் அன்ரனெற்.

“அஜக்ஸ். பின்னேரத்துக்கு முன்னம் அந்த ஆளிட்டைச் சொல்லிவைப்பம். கதவைப் பூட்டிக்கொண்டாவது இருக்கட்டும்.”

மூலை வீட்டை அவர்கள் தேடவேண்டியிருக்கவில்லை. தெரு திரும்பியதுமே தெரிந்தது. தெரிந்ததும் அன்ரனெற் பிரேக்கில் ஏறி நின்றாள். கார் வழுக்கிக் கொஞ்சம் சரிந்து நின்றது.

ட்றைவ்வேயில் ஓர் உயரமான மனிதர் நின்றார். இரண்டு கையாலும் நீளமாக எதையோ பிடித்திருந்தார்.

“வந்திட்டார்,” என்றாள் அன்ரனெற். குரலில் பகிடி இல்லை.

ஜூலியஸ் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். “நவரட்ணம் அண்ணை!”

அந்த மனிதர் திரும்பினார். கையில் இருந்தது பனி வழிக்கிற ஷவல். ட்றைவ்வேயில் பாதியை ஏற்கனவே வழித்து, ஓரமாக ஒழுங்காகக் குவித்திருந்தார்.

வீட்டுக் கதவு திறந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு கட்டையான மனிதன் வலது கையில் தேத்தண்ணிக் கோப்பையுடன் வந்தான். இடது கை ஜக்கெற்றின் பைக்குள் கிடந்தது. வழுக்கும் படியில் இறங்கும்போதும் அந்தக் கையை எடுத்து அவன் கம்பியைப் பிடிக்கவில்லை. முழங்கையால் சுவரைத் தடவித்தான் இறங்கினான்.

ஜூலியஸ் கையிலிருந்த தும்புத்தடித் துண்டைப் பார்த்தான். பிறகு அவனுடைய கையைப் பார்த்தான்.

“அலெக்ஸாண்டர்தானே? உங்கடை இடது கைக்கு என்ன?”

“அக்சிடென்ரிலை நரம்பு போயிட்டுது,” என்றான் அலெக்ஸாண்டர். “பாரம் தாங்கும். இழுக்காது.”

அன்ரனெற் காருக்குள் இருந்தபடியே கண்ணாடியை இறக்கி, “அப்ப துவக்கு உவருக்கோ?” என்றாள்.

நவரட்ணம் ஷவலைச் சுவரில் சாத்தினார். “மனுசி அனுப்பினவவோ?”

“ஓம் அண்ணை. நீங்கள் இவரைச் சுடப்போறியள் எண்டு நினைக்கிறா.”

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார். உயர்த்தாமல், தாழ்த்தாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

“பனி கரையிற நேரம் ஒருநாள் இஞ்சை வந்தன். கதவு திறந்து கிடந்துது. இவன் குசினியிலை ஒரு மீன் ரின்னோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டான். ஒரு கையாலை என்னெண்டு திறக்கிறது? வாங்கித் திறந்து குடுத்தன். பிறகு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. பஸ் எடுத்து வீட்டை போனன். அடுத்த சனியும் வந்தன்.”

“மன்னிச்சுப்போட்டியளோ?” என்று கேட்டாள் அன்ரனெற்.

“இல்லை,” என்றார் நவரட்ணம்.

அலெக்ஸாண்டர் நிலத்தைப் பார்த்தான். அந்தப் பதிலை அவன் முன்பும் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தது.

“துவக்கு என்னத்துக்கு?” என்றான் ஜூலியஸ்.

அலெக்ஸாண்டர்தான் சொன்னான். “நான் முந்தி ஒரு கிளப்பிலை களிமண் தட்டுச் சுடுறனான். மெஷின் தட்டை வானத்திலை எறியும், நாங்கள் சுடுவம். கை போனாப்பிறகு பம்பை இழுக்க ஏலாது, வித்துப்போட்டன். கோடையிலை கூட்டாளி ஒருத்தன் தன்ரை செமி ஒட்டோமற்றிக்கைத் தந்தான். அது பெரிசு, ஆனாலும் சுட்டன். அண்ணை பின்னாலை நிண்டவர்.”

“முதல் வெடிக்கு என்ரை நெஞ்சு திடுக்கிட்டுது,” என்றார் நவரட்ணம். “பிள்ளையை எரிக்கக் குடுக்கேக்கையும் எனக்கு ஒண்டும் செய்யேல்லை. அண்டைக்குத் திடுக்கிட்டுது. அது எனக்கு வேணும்போலை இருந்துது.”

“நீங்களே சுடலாமே?”

“துவக்கை நான் தொடமாட்டன். ஊர்ச் சண்டையிலை கண்டதே காணும். இவன் சுடட்டும். நான் நிண்டு கேக்கிறன்.”

பனி வெளியே நின்ற மூவர்மேலும் விழுந்துகொண்டிருந்தது. வழித்த இடம் மறுபடி வெள்ளையாகியது.

“வீட்டை வாங்கோ அண்ணை,” என்றான் ஜூலியஸ். “அக்காவுக்கு இதை நீங்கள்தான் சொல்லவேணும்.”

நவரட்ணம் மறுக்கவில்லை. கோப்பையை அலெக்ஸாண்டரின் நல்ல கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

*

மில்லிக்கன் வீட்டு வாசலில் ஜூலியஸ் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். முதலில் தனியாக உள்ளே போனான். புனிதவதி வெளிச்சம் போடாமல் சோபாவில் இருந்தாள்.

“வாங்கிட்டாரோ?”

“இல்லை அக்கா. அவர் ஒருத்தரையும் சுடப்போறேல்லை.”

ஆறுதல் தெரியவேண்டிய முகத்தில் அது தெரியவில்லை. அவள் மெல்லப் பின்னுக்குச் சாய்ந்தாள். காலையிலிருந்து ஜூலியஸின் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

“அக்கா, அஜக்ஸ் விலாசத்தை நீங்கள் யோசிக்காமல் சொன்னீங்கள். மூலை வீடு எண்டும் சொன்னீங்கள். கோட்டுக்கே போகாத உங்களுக்கு அது எப்பிடித் தெரியும்? பொலிசுக்கும் நீங்கள் சொல்லேல்லை. அவரை மறியுங்கோ எண்டு என்னட்டையும் கேக்கேல்லை.”

புனிதவதி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னோடை வேலை செய்யிற மக்டலீன் அந்தத் தெருவிலைதான் இருக்கிறா. அவவிட்டைக் கேட்டு எடுத்து இவருக்கு நான்தான் சொன்னனான். போய்ச் செய்யுங்கோ எண்டனான். குசினிக் கத்தியைக் கடுதாசியிலை சுத்திக் குடுத்ததும் நான்தான். போனார், வந்தார், ஒண்டும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. கத்தி திரும்பி வரேல்லை. எங்கையோ எறிஞ்சுபோட்டார், ஏலாத மனுசன் எண்டு நினைச்சன்.” குரல் அப்போதும் ஒரே மட்டத்தில்தான் இருந்தது. “போனிலை துவக்குக் கடை எண்டு கேட்டு, பேஸ்மன்றிலை உந்தத் தடியையும் கண்ட அண்டைக்குத்தான், தம்பி, எனக்குக் கனநாளைக்குப் பிறகு வயிறு பசிச்சுது. சோறு போட்டுச் சாப்பிட்டனான்.”

கொலை ஒன்றைத் தடுக்கத் தன்னைக் கூலிக்குப் பிடித்திருக்கிறார்கள் என்று நம்பி ஜூலியஸ் ஒரு முழுக் காலையும் ஓடித் திரிந்திருக்கிறான். அவள் கேட்டது தடுக்க அல்ல. எப்போது என்று தெரிந்துகொள்ள.

கதவு திறந்தது. நவரட்ணம் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து நின்றார். பின்னால் அன்ரனெற்.

“கத்தி அங்கைதான் இருக்கு,” என்றார் நவரட்ணம். “அதாலைதான் மீன் ரின்னைக் குத்தித் திறந்து குடுத்தனான். அவனுக்கு அது தேவைப்படும் எண்டு விட்டிட்டு வந்தன்.”

“அவனுக்கோ?” புனிதவதி எழுந்தாள். “துவக்கும் அவனுக்கோ?”

“ஓம்.”

“என்ரை பிள்ளையைக் கொன்றவனுக்கு நீங்கள் துவக்குத் தேடித் திரியிறியளோ? கடைகடையா ஏறி, நல்லதாப் பாத்து, மலிவாப் பாத்து?”

“ஓம் புனிதம்.”

அவள் அடித்தாள். கன்னத்தில் விழுந்த முதல் அடியில் அவருடைய கண்ணாடி பறந்தது. பிறகு தோளில், நெஞ்சில், எங்கே படுகிறதென்று பார்க்காமல் அடித்தாள். அவர் கையைத் தூக்கி மறிக்கவில்லை. ஜூலியஸ் முன்னுக்கு ஓரடி வைத்தான். அன்ரனெற் அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து கதவைச் சாத்தினாள்.

இருவரும் வாசற்படியில் நின்றார்கள். உள்ளே முதலில் அவள் கத்துகிற சத்தம் கேட்டது. அது ஓய்ந்தது. பிறகு ஓர் ஆண் வாய்விட்டு அழுகிற சத்தம் வந்தது. பழக்கமில்லாத அழுகை, மூச்சு எடுக்கும் இடம் தெரியாமல் இடறி இடறி வந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய அழுகையும் சேர்ந்தது.

“மச்சாள், ஏதாவது சொல்லுங்கோ,” என்றான் ஜூலியஸ்.

“ஒண்டும் வரேல்லை,” என்றாள் அன்ரனெற். காரின் கண்ணாடியில் படிந்த பனியைக் கையாலேயே தட்டத் தொடங்கினாள்.

அந்தப் பின்னேரம் கடைக்கு ஒருவரும் போகவில்லை. பெப்ரவரியில் அலெக்ஸாண்டர் தனியாகப் போய்த் தன் காசில் அந்தத் துவக்கை எடுத்தான். கட்டையைக் கடைக்காரரே அளவுக்கு அறுத்துக் கொடுத்தார்.

வெயில் காலம் தொடங்கியபோது ஒருநாள், அன்ரனெற் புனிதவதியை மீன்கடையில் கண்டாள். ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். விளைமீனைச் செவிள் தூக்கிப் பார்த்து, பழசு என்று கடைக்காரனோடு வாய் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணை எப்பிடி?” என்று கேட்டாள் அன்ரனெற்.

“சனிக்கிழமை அஜக்ஸுக்குப் போறார்,” என்றாள் புனிதவதி. “அண்டைக்கு நான் அவரோடை கதைக்கிறேல்லை. சமைக்கிறதும் இல்லை. ஞாயிறு கதைப்பன்.”

சொல்லிவிட்டு, உள்ளே ஐஸுக்கு அடியில் இருக்கும் மீனை எடுத்துக் காட்டும்படி கடைக்காரனைக் கேட்டாள்.